பழைய கட்டடத்தை லேண்ட்மார்க் ஜோனிங்கில் சேர்ப்பது எப்படி? அமெரிக்க நகரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

உங்கள் தெருவில் ஒரு பழைய வீடோ கடையோ பள்ளிக் கட்டடமோ இருக்கிறது. அதை யாரும் இடித்துவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள். அமெரிக்காவில் இதற்குக் கையில் இருக்கும் வலுவான கருவி, நகர நிர்வாகம் தரும் லேண்ட்மார்க் ஜோனிங். அதாவது, கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாக (லேண்ட்மார்க்) அறிவித்து, நகரத்தின் நிலப் பயன்பாட்டு விதிகள் (ஜோனிங்) மூலம் காப்பது. இதில் இறங்கிய பலரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கட்டடத்தின் மேல் எல்லோருக்கும் பாசம் இருந்தது. வழுக்கி விழுந்தவர்கள் பெரும்பாலும் வரிசையில் தவறியவர்கள்: உரிமையாளரிடம் பேசாமலே மனு போட்டார்கள், விதியைப் படிக்காமலே கையெழுத்து வாங்கினார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்தப் பட்டியல் எதைத் தடுக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்களின் முதல் குழப்பம் இங்கேதான். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நேஷனல் ரெஜிஸ்டர் என்ற, வரலாற்று இடங்களுக்கான மத்திய அரசுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒரு கட்டடம் இடம்பெற்றாலும், தனியார் உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் அதை இடிக்கலாம். மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்படும் வேலை என்றால் மட்டும் ஒரு பரிசீலனை நடக்கும். மாநில அரசு நட்டு வைக்கும் வரலாற்றுப் பலகையும் பெரும்பாலான இடங்களில் இடிப்பைத் தடுக்காது.

இடிப்பைத் தடுக்கும் அதிகாரம் நகரத்தின் ஜோனிங் சட்டத்தில் இருக்கிறது. பல நகரங்களில் லேண்ட்மார்க் என்பது ஏற்கெனவே உள்ள ஜோனிங்கின் மேல் போர்த்தப்படும் இன்னொரு அடுக்கு. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் எஸ்எஃப்-3 என்று இருக்கும் குடியிருப்பு மனை, லேண்ட்மார்க் ஆனதும் எஸ்எஃப்-3-எச் ஆகிறது. குடியிருக்கலாமா, கடை வைக்கலாமா என்பது பழையபடியே இருக்கும். வெளித்தோற்றத்தை மாற்றவும் இடிக்கவும் மட்டும் கமிஷனின் (நகரத்தின் வரலாற்றுப் பாதுகாப்புக் குழு) ஒப்புதல் வேண்டும். இந்த வேறுபாட்டை உரிமையாளருக்கு விளக்க நேரும். முதலில் உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும்.

இப்படிக் கட்டுப்படுத்த நகரத்துக்கு அதிகாரம் உண்டா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் தொடர்பான பென் சென்ட்ரல் வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் உண்டு என்று தீர்ப்பளித்துவிட்டது.

2. உங்கள் நகரத்தின் சட்டத்தை வரிக்கு வரி படியுங்கள்

ஒரு நகரத்தின் விதி அடுத்த நகரத்தில் செல்லாது. நகரத்தின் சட்டத் தொகுப்பு இணையத்தில் கிடைக்கும். லேண்ட்மார்க் பகுதியை அச்செடுத்து, இந்தக் கேள்விகளுக்கான பதிலைக் கோடிட்டு வையுங்கள்.

கட்டடத்துக்குக் குறைந்தபட்ச வயது என்ன? சியாட்டிலில் 25 ஆண்டு, நியூயார்க்கில் 30, ஆஸ்டினில் 50.

எத்தனை தகுதிகள் நிறைவேற வேண்டும்? சியாட்டிலில் ஆறில் ஒன்று போதும். சிகாகோவில் ஏழில் இரண்டு. ஆஸ்டினில் கட்டடக்கலை, வரலாற்றுத் தொடர்பு, தொல்லியல், சமூக மதிப்பு, நிலத்தோற்றம் ஆகிய ஐந்தில் பொதுவாக இரண்டு.

யார் மனு செய்யலாம்? சியாட்டிலில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். வேறு சில ஊர்களில் உரிமையாளர், கமிஷன், நகர மன்றமான கவுன்சில் ஆகியோருக்கு மட்டுமே அந்த உரிமை. அப்படிப்பட்ட ஊரில் உங்கள் முதல் வேலை, கமிஷன் உறுப்பினர் ஒருவரை அதைத் தொடங்கச் சம்மதிக்க வைப்பது.

உரிமையாளர் மறுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியின் பதில்தான் உங்கள் முழுத் திட்டத்தையும் முடிவு செய்யும். டெக்சஸில் 2019-இல் வந்த சட்டப்படி, உரிமையாளர் எதிர்த்தால் கமிஷனிலும் கவுன்சிலிலும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். பதினோரு பேர் கொண்ட ஆஸ்டின் கவுன்சிலில் அது ஒன்பது ஓட்டு. மத அமைப்பின் சொத்து என்றால் அங்கே அவர்களின் சம்மதம் இல்லாமல் எதுவுமே நடக்காது.

மனு நிலுவையில் இருக்கும்போது இடிப்பு அனுமதி நிறுத்தப்படுமா? எந்த நாளில் இருந்து? மனு கொடுத்த அன்றா, கமிஷன் ஏற்ற அன்றா? சில வார இடைவெளியில் கட்டடமே போய்விடும் என்பதால் இதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. இடிப்பு விண்ணப்பம் ஏற்கெனவே போயிருக்கிறதா?

இதைச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பெரும்பாலான நகரங்களின் அனுமதி விண்ணப்பங்களை முகவரி கொடுத்து இணையத்திலேயே தேடலாம். இடிப்பு மட்டும் அல்லாமல், மனையைப் பிரிக்கும் விண்ணப்பம், எரிவாயு இணைப்பைத் துண்டிக்கும் கோரிக்கை, ஜோனிங் மாற்றக் கோரிக்கை எல்லாவற்றையும் பாருங்கள். இடிப்பு வரப் போவதை இவை முன்கூட்டியே சொல்லிவிடும்.

பல நகரங்களில் இடிப்புத் தாமத விதி இருக்கிறது. பாஸ்டனில் அது 90 நாள். சிகாகோவில், நகரக் கணக்கெடுப்பில் முக்கியமானவை என்று சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம் பெற்ற கட்டடங்களுக்கு 90 நாள் வரை. தாமதம் என்பது பாதுகாப்பு ஆகாது. நாள் முடிந்ததும் அனுமதி கைக்குப் போய்விடும். தாமத காலம் ஓடத் தொடங்கியிருந்தால் அதன் கடைசி நாளைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கமிஷன் மாதம் ஒரு முறைதான் கூடும், அதன் நிகழ்ச்சி நிரலோ பல நாள் முன்பே மூடப்படும் என்றால், உங்களிடம் மிஞ்சுவது நீங்கள் நினைப்பதைவிட மிகவும் குறைவு.

4. மனு எழுதும் முன் உரிமையாளரைச் சந்தியுங்கள்

சங்கடமான படிதான். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தன் சொத்தைப் பற்றி யாரோ மனு போட்டிருக்கிறார்கள் என்பதை நகரத்தின் கடிதம் வழியாகத் தெரிந்துகொள்ளும் மனிதர் நிச்சயம் எதிர்ப்பார். அன்றே ஒரு வழக்கறிஞரையும் அமர்த்திக்கொள்வார். அதே மனிதரிடம் முன்கூட்டி நேரில் போய்ப் பேசியிருந்தால், குறைந்தது என்ன வேண்டும் என்றாவது சொல்லியிருப்பார்.

தனியாகவோ இன்னொருவருடனோ மட்டும் போங்கள். கும்பலாகப் போனால் மிரட்டலாகத் தோன்றும். முதலில் கேளுங்கள்: விற்க நினைக்கிறாரா? சொத்து வரி கட்ட முடியவில்லையா? கூரை ஒழுகுகிறதா? பாட்டி காலமாகி நான்கு வாரிசுகளுக்குப் பிரிக்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. விற்க விரும்புகிறவருக்கு, கட்டடத்தை அப்படியே வாங்கக்கூடிய ஒருவரைத் தேடித் தருவது மனுவைவிட விரைவான தீர்வு.

வரிச் சலுகைகளைக் கையோடு கொண்டு போங்கள். கலிபோர்னியாவில் மில்ஸ் சட்டத்தின் கீழ், உள்ளூர் நிர்வாகத்துடன் குறைந்தது பத்தாண்டு ஒப்பந்தம் போட்டுப் பராமரித்தால் சொத்து வரி குறையும். இல்லினாய்ஸில், லேண்ட்மார்க் வீட்டில் தானே குடியிருப்பவர் அங்கீகரிக்கப்பட்ட பெரிய சீரமைப்பைச் செய்தால் வரி மதிப்பீடு எட்டு ஆண்டுக்கு உயராது. சீரமைப்புச் செலவில் மத்திய அரசு தரும் 20 சதவீத வரிக்கழிவு வாடகை, வணிகம் போன்ற வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டுமே. சொந்தக் குடியிருப்புக்குக் கிடையாது. உள்ளூர் லேண்ட்மார்க் என்பதால் மட்டும் அது தானாக வந்துவிடாது, நேஷனல் ரெஜிஸ்டர் தகுதியும் வேண்டும். இதைத் தவறாகச் சொல்லி உரிமையாளரின் நம்பிக்கையை இழந்தவர்கள் உண்டு. உறுதியாகத் தெரியாத சலுகையைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

5. ஆவணங்களைத் தேடுங்கள்

அதிக நேரம் இங்கே போகும். போகட்டும். மனுவின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது.

பத்திரத்தில் தொடங்குங்கள். கவுண்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கிளார்க் அலுவலகத்தில் பத்திரங்கள் தெரு முகவரியின்படி இருக்காது. உட்பிரிவின் பெயர், பிளாக் எண், மனை எண் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். இன்றைய உரிமையாளரில் தொடங்கி, விற்றவர், அவருக்கு விற்றவர் என்று பின்னால் நடந்தால் சங்கிலி முழுதும் கிடைக்கும். ஓரிடத்தில் விலை சட்டென்று பல மடங்கு ஏறியிருந்தால், அதற்கு முன்புள்ள சில ஆண்டுகளில் கட்டடம் எழுந்திருக்கக்கூடும்.

வரி மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் உள்ள கட்டிய ஆண்டை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அது பல நேரம் தோராயமாகப் போட்டது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அந்த ஓர் எண்ணைத் தவறு என்று நிரூபித்துவிட்டால், மீதி எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அடுத்தது சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். இவற்றில் பெரும்பகுதியை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டடமும் அதன் வடிவத்தில் வரையப்பட்டு நிறம் பூசப்பட்டிருக்கும். இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல். உள்ளே உள்ள எண் மாடிகளைக் குறிக்கும், 'டி' என்ற எழுத்து வீட்டையும் 'எஸ்' கடையையும் குறிக்கும். முன்திண்ணை எந்த வரைபடத்தில் முதலில் தோன்றுகிறது, பின்கட்டு எப்போது சேர்ந்தது என்பதை இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு கண்ணி மட்டும் உண்டு. பழைய வரைபடத்தை அந்த நிறுவனம் புதிய தாள் துண்டுகளை ஒட்டித் திருத்திக்கொண்டே வந்தது. அட்டையில் 1920-களின் ஆண்டு இருந்தாலும் நீங்கள் பார்ப்பது பல ஆண்டு கழித்து ஒட்டிய துண்டாக இருக்கலாம். பெரிதாக்கிப் பார்த்தால் ஒட்டின் விளிம்பு தெரியும். திருத்திய தேதி எங்காவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு நகர டைரக்டரி. பெயர், தொழில், முகவரி மூன்றும் ஆண்டுதோறும் கிடைக்கும். பெயருக்குப் பின் 'எச்' என்று இருந்தால் அந்த வீட்டின் குடும்பத் தலைவர், 'பி.டி.எஸ்' என்றால் சாப்பாட்டோடு தங்கியிருந்தவர். தென் மாநிலங்களின் பழைய டைரக்டரிகளில் கறுப்பின மக்களின் பெயருக்கு அருகே அடைப்புக்குறிக்குள் 'சி' என்று போட்டிருப்பார்கள். பார்க்க வலிக்கும் குறிதான். ஆனால் எங்கும் எழுதப்படாத ஒரு கறுப்பினக் குடியிருப்பின் வரலாற்றை மீட்க இன்று அதுவே சான்றாகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் பதிவுகள் 72 ஆண்டுகளுக்குப் பின்தான் வெளியாகும். 1950 வரை இப்போது பார்க்கலாம். 1890-இன் பதிவுகளைத் தேடி நாளை வீணாக்காதீர்கள், 1921 தீ விபத்துக்குப் பின் மிகச் சிலவே மிஞ்சின.

வீட்டு எண்கள் மாறியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். சிகாகோ 1909-இல் தன் வீட்டு எண்களை மாற்றி அமைத்தது. அதற்கு முந்தைய டைரக்டரியில் இன்றைய எண்ணைத் தேடினால் வேறொருவரின் வீட்டு வரலாற்றை எழுதி முடித்திருப்பீர்கள். உங்கள் நகரத்திலும் அப்படி நடந்ததா என்று நூலகத்தில் கேளுங்கள்.

6. கட்டடம் இன்று எப்படி இருக்கிறது?

வரலாறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதைச் சொல்லும் அளவுக்குக் கட்டடம் பழைய உருவில் மிஞ்சியிருக்க வேண்டும். நேஷனல் ரெஜிஸ்டர் இதற்கு ஏழு கூறுகளைச் சொல்கிறது: இடம், வடிவமைப்பு, சூழல், பொருள்கள், கைவேலை, உணர்வு, தொடர்பு. பல நகரங்களும் இதே அளவுகோலைப் பின்பற்றுகின்றன.

நடைபாதையில் நின்றபடி நான்கு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்துக்கு அனுமதி வாங்குங்கள், வேலி தாண்டாதீர்கள். பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தால் அதே கோணத்தில் இன்றும் ஒரு படம் எடுத்து இரண்டையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். கமிஷன் உறுப்பினர்கள் மிக நீண்ட நேரம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

மாற்றங்களை மறைக்க வேண்டாம். வினைல் ஜன்னல், அடைக்கப்பட்ட திண்ணை, மரப்பலகையின் மேல் அடித்த அலுமினியத் தகடு எல்லாவற்றையும் நீங்களே பட்டியலிடுங்கள். எது திரும்ப எடுக்கக்கூடியது என்றும் எழுதுங்கள். தகட்டுக்கு அடியில் மூலப் பலகை அப்படியே இருக்கிறதா என்பதை, உரிமையாளர் அனுமதித்தால், ஒரு மூலையில் பார்த்துப் படம் எடுக்கலாம். பழைய கல்நார் ஓடுகளாக இருந்தால் மட்டும் கையை வைக்காதீர்கள், தூள் நுரையீரலுக்குக் கேடு. தெருவிலிருந்து தெரியாத பின்கட்டு பொதுவாகப் பெரிய குறையாகாது.

7. மனுவை எழுதுங்கள்

சட்டத்தில் உள்ள தகுதிகளையே தலைப்புகளாக, அதே சொற்களில் போடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் சான்றை வையுங்கள். ஓட்டுப் போடும் உறுப்பினர் எந்தத் தகுதி நிறைவேறியது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

எல்லாத் தகுதிகளையும் இழுத்துப் பிடிக்காதீர்கள். வலுவான இரண்டு இருந்தால் அவை போதும். மெலிந்த மூன்றாவது, நல்ல இரண்டின் மீதும் ஐயத்தை வரவழைக்கும். 'நகரத்திலேயே முதல்', 'இதுபோல் வேறில்லை' என்பவற்றையும் நிரூபிக்க முடிந்தால் மட்டுமே எழுதுங்கள்.

பெரிய மனிதர் ஒருவர் அங்கே தங்கியிருந்தார் என்பது மட்டும் தகுதி ஆகாது. அவர் எதற்காக அறியப்படுகிறாரோ அந்தப் பணி நடந்த காலத்தில் அங்கே இருந்தாரா என்பதைக் காட்டுங்கள்.

கட்டடம் எளிமையாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நியூயார்க் 2015-இல் ஸ்டோன்வால் மதுக்கூடத்தை லேண்ட்மார்க் ஆக்கியது அதன் சுவர்களின் அழகுக்காக அல்ல, அங்கே 1969-இல் தன்பாலீர்ப்பாளர்கள் போலீஸ் சோதனையை எதிர்த்து நடத்திய கிளர்ச்சிக்காக. சிகாகோவில், 1955-இல் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லும் அவர் தாயும் வாழ்ந்த சாதாரணச் செங்கல் வீடு 2021-இல் லேண்ட்மார்க் ஆனது. குடியேறிகளும் தொழிலாளர்களும் வாழ்ந்த, கூடிய, வழிபட்ட கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அவற்றுக்கு வரலாற்றுத் தொடர்பு என்ற தகுதியே வாசல்.

எல்லையைத் தெளிவாகச் சொல்லுங்கள். மனை முழுவதுமா, கட்டடமும் முன்முற்றமும் மட்டுமா? பின்மனையை விட்டுவைத்தால் உரிமையாளர் அங்கே இன்னொரு வீடு கட்டிக்கொள்ள முடியும். எதிர்ப்பு தணிய இது நல்ல வழி. காக்க வேண்டிய கூறுகளையும் பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள்: கூரையின் சாய்வு, திண்ணைத் தூண்கள், ஜன்னல் சட்டங்கள், செங்கல் புகைபோக்கி. பின்னாளில் மாற்றம் கேட்கும்போது இந்தப் பட்டியலைத்தான் புரட்டுவார்கள். உட்புறம் பெரும்பாலும் இதில் வராது.

8. வரைவை அலுவலரிடம் காட்டுங்கள்

திட்டமிடல் துறையில் வரலாற்றுப் பாதுகாப்புக்கென ஓர் அலுவலர் இருப்பார். முறைப்படி தாக்கல் செய்யும் முன் வரைவை அவருக்கு அனுப்பிக் குறைகளைக் கேளுங்கள். கமிஷனுக்குப் பரிந்துரை எழுதப் போகிறவர் அவர்தான். கட்டணம், படிவம், கடைசித் தேதி எல்லாம் அவர் வாயால் உறுதியாகட்டும்.

9. கமிஷன் ஹியரிங் (பொது விசாரணை)

கமிஷன் பார்ப்பது ஒன்றே: தகுதி இருக்கிறதா, இல்லையா. இங்கே போக்குவரத்து நெரிசல், பார்க்கிங், வரப் போகும் அடுக்குமாடியின் உயரம் பற்றிப் பேசினால் உங்கள் உண்மையான நோக்கம் வேறு என்று எதிர்த் தரப்பு எழுதி வைத்துக்கொள்ளும். பேசுபவர்கள் எல்லோரிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். பத்துப் பேர் ஒரே விஷயத்தைப் பேசுவதைவிட நான்கு பேர் பிரித்துக்கொள்ளலாம்: ஒருவர் கட்டடக்கலை, ஒருவர் வரலாறு, ஒருவர் இன்றைய நிலை, ஒருவர் அங்கேயே வளர்ந்த மூத்தவர். ஆதரவுக் கடிதங்கள் உறுப்பினர்களுக்கு முன்கூட்டி அனுப்பப்படும் கோப்பில் சேர வேண்டும். மேசையில் கடைசி நிமிடம் வைப்பதை யாரும் படிப்பதில்லை.

கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று உரிமையாளர் தரப்புப் பொறியாளர் அறிக்கை தருவார் என எதிர்பாருங்கள். பழைய கட்டடங்களில் வேலை செய்த பொறியாளர் ஒருவரை அதைப் படிக்கச் சொல்லி, எது சரிசெய்யக்கூடியது என்று எழுத்தில் வாங்குங்கள்.

10. கவுன்சில் ஓட்டு

பல நகரங்களில் கடைசி முடிவு கவுன்சிலுடையது, கேள்விகளும் மாறும். வீட்டுத் தட்டுப்பாடு, வரி வருவாய், உரிமையாளரின் நஷ்டம். பின்மனையில் கட்டலாம், மாடியை வாடகைக்கு விடலாம், இந்தச் சலுகைகள் கிடைக்கும் என்று வரையறுத்துச் சொல்ல வேண்டிய இடம் இது.

உறுப்பினர்களைத் தனியே சந்திக்கலாமா என்பதை முதலில் நகரக் கிளார்க்கிடம் கேளுங்கள். சில நகரங்களில் கவுன்சில் இதில் நீதிமன்றம் போல அமர்கிறது. ஹியரிங்குக்கு வெளியே அவர்களிடம் பேசினால் அந்த உறுப்பினர் ஓட்டுப் போட முடியாமல் போகலாம், உங்கள் ஆதரவு ஓட்டையே நீங்கள் இழப்பீர்கள். சந்திக்கலாம் என்ற ஊரில், அந்தப் பகுதியின் உறுப்பினரிடமிருந்து தொடங்குங்கள். மற்றவர்கள் பெரும்பாலும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தேவையான எண்ணிக்கை சேராது என்று தெரிந்தால், தோற்று மூடுவதைவிடத் தள்ளிவைக்கக் கேட்பது மேல். நிராகரித்த மனுவை உடனே மீண்டும் கொண்டுவரப் பல ஊர்களில் தடை இருக்கும்.

11. லேண்ட்மார்க் ஆன பிறகு

ஆணை கவுண்ட்டி பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று போய்ப் பாருங்கள். அடுத்து வாங்குபவருக்கு விவரம் தெரிய அதுதான் வழி. நகரத்தின் ஜோனிங் வரைபடத்திலும் அனுமதி வழங்கும் மென்பொருளிலும் அந்தக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். இது விட்டுப்போனால் கவுன்ட்டரில் இருப்பவர் அறியாமலே அனுமதி கொடுத்துவிடுவார்.

இனி வெளிப்புற மாற்றத்துக்குக் கமிஷனின் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். மத்திய உள்துறையின் பத்துச் சீரமைப்பு நெறிகளை ஒட்டியே பெரும்பாலான கமிஷன்கள் முடிவெடுக்கின்றன. அவற்றில் உரிமையாளர் முதலில் அறிய வேண்டியது, பழுதானதை மாற்றும் முன் பழுது பார்க்க முயல வேண்டும் என்பது. ஜன்னலை ஆர்டர் செய்துவிட்டுச் சான்றிதழ் கேட்கப் போகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

பராமரிக்காமல் விட்டுத் தானாக விழ வைப்பதைத் தடுக்கும் பிரிவு பல நகரச் சட்டங்களில் உண்டு. ஆனால் யாராவது புகார் செய்தால்தான் அது நகரும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை தெருவில் நின்று கூரை, நீர்வடிகால் தகடு, உடைந்த ஜன்னல் மூன்றையும் பாருங்கள். முதலில் உரிமையாளரிடம் சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால் தேதியிட்ட படங்களோடு நகரத்தின் கட்டட விதி அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள்.